முட்டி மாற்றுவதா, எலும்பை நேராக்குவதா, காத்திருப்பதா: எங்கள் வீட்டுக் கணக்கு

என் கணவர் வீட்டு ஆட்களை முகம் தெரியாத தூரத்திலேயே அடையாளம் சொல்லிவிடலாம். காவடி அன்று தென் ஆப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், கொஞ்சம் குட்டையாக, இடுப்பை இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஒரு உருவம் வந்தால் அது எங்கள் வீட்டு ஆள்தான். மாமனார் அப்படித்தான் நடந்தார், அவருடைய அக்காவும் அப்படித்தான், என் கணவரும், இப்போது பதினொரு வயதாகும் என் பையனும். நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணம் ஆகி டர்பனுக்கு வந்த புதிதில் கேட்டபோது, "எல்லாம் கரும்புத் தோட்டத்தில் பாட்டன் பூட்டன் சுமந்த சுமை" என்றார்கள். 1860-ல் இந்தியாவிலிருந்து தோட்டக் கூலிகளோடு முதல் கப்பல் வந்ததிலிருந்து இங்கே எல்லா வலிக்கும் காரணம் சொல்லக் கரும்பு இருக்கிறது. ஆனால் அதே கரும்பைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்து வீட்டில் நேராகத்தானே நடக்கிறார்கள்?

நோயின் பெயர் தெரிந்தது என் கணவருடைய 41 வயதில்தான். மல்டிபிள் எபிஃபைசியல் டிஸ்பிளேசியா. சுருக்கமாகச் சொன்னால், நீள எலும்புகளின் முனைகள் குழந்தைப் பருவத்தில் சரியாக உருவாகாமல் தட்டையாகவும் கோணலாகவும் நின்றுவிடும் பரம்பரைக் கோளாறு. பெரும்பாலும் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டு பக்கமும் மரபணு சேர்ந்தால் மட்டும் வரும் வகையும் ஒன்று இருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மற்றவர்களுக்கு அறுபதில் தேயும் மூட்டு இவர்களுக்கு முப்பது நாற்பதிலேயே தேய்ந்துவிடும். அதுவரை பார்த்த மருத்துவர்கள் எல்லாம் "சீக்கிரம் வந்த மூட்டுத் தேய்மானம்" என்று எழுதி வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

இவருக்கு வலது முட்டி உள்பக்கம் இடிக்கும், ஊரில் முட்டி தட்டுவது என்பார்களே அது. 44 வயதில் படி இறங்க முடியாமல் போனபோதுதான் உண்மையாக முடிவு எடுக்க வேண்டி வந்தது. எங்கள் முன்னால் இருந்த வழிகளையும், எதை ஏன் ஒதுக்கினோம் என்பதையும் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, மூன்று வருடம் காத்திருப்பு அறைகளில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழகியவள், அவ்வளவுதான்.

முதலில் போன இடம் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். முட்டியை மட்டும் முன்னாலும் பக்கத்திலும் எக்ஸ்ரே எடுத்தார்கள், பத்து நிமிடத்தில் "இரண்டு முட்டியும் போய்விட்டது, ஒரே நாளில் இரண்டையும் மாற்றிவிடலாம்" என்றார்கள். எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிகூட வந்தது, ஒரே செலவு, ஒரே விடுப்பு என்று. வீட்டில் மாமியார்தான் "அவங்க அப்பா சாகிற வரைக்கும் இந்தக் காலோடதான் நடந்தாரு, என்ன அவசரம் கண்ணு?" என்றார். அவர் சொன்ன காரணம் தப்பு, ஆனால் அந்தத் தாமதம் எங்களைக் காப்பாற்றியது.

ஏனென்றால் இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது நீள எக்ஸ்ரே. நின்றபடி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக எடுப்பது. இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு போட்டால் அது முட்டியின் நடுவில் போக வேண்டும். சாதாரணத் தேய்மானத்தில் கோணல் மூட்டுக்குள்தான் இருக்கும், மூட்டை மாற்றும்போது அதுவும் சரியாகிவிடும். பரம்பரை எலும்புக் கோளாறில் எலும்பே வளைந்திருக்கலாம், அதாவது கோணல் மூட்டுக்கு வெளியே இருக்கும். முட்டியை மட்டும் படம் எடுத்தால் அது தெரியவே தெரியாது. நீள எக்ஸ்ரே இல்லாமல் யாராவது ஆபரேஷன் தேதி கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இடது, வலது இரண்டு இடுப்பு மூட்டுமே மோசம், வலது ரொம்ப மோசம். இடுப்பு மூட்டு கெட்டால் வலி பல நேரம் முட்டியில்தான் தெரியும், நரம்பு போகும் வழி அப்படி. எது உண்மையான குற்றவாளி என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது: எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இடுப்பு மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தை ஊசியாகப் போட்டு நடக்கச் சொல்வது. இவர் அன்று மருத்துவமனை நடையில் இரண்டு முறை போய் வந்தார், முட்டி வலி பாதிக்கு மேல் இல்லை என்றார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் இடத்தில் சொன்னபடி இரண்டு முட்டியையும் மாற்றியிருந்தால் பாதி வலி அப்படியே இருந்திருக்கும்.

இடுப்பும் முட்டியும் சேர்ந்து கெட்டிருந்தால் பொதுவாக இடுப்பை முதலில் செய்வார்கள். வலி ஒரு காரணம். இடுப்பை மாற்றியதும் காலின் நீளமும் நான் சொன்ன அந்தக் கோடும் மாறிவிடும் என்பது இன்னொரு காரணம். முட்டியை முதலில் அளந்து வைத்துவிட்டால் பிறகு இடுப்பை மாற்றும்போது அந்த அளவு தப்பாகிவிடும். தையற்காரர் தோளை அளக்காமல் கையை வெட்டிய கதைதான்.

சரி, முட்டிக்கு வருவோம். ஒன்றும் செய்யாமல் நாள் கடத்துவது என்பதை எல்லோரும் கோழைத்தனம் மாதிரி பேசுகிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. எடையைக் குறைப்பது, தொடைத் தசையைப் பலப்படுத்தும் பிசியோ, கைத்தடி, தேவைப்பட்டால் மூட்டில் ஊசி, இவற்றால் சிலருக்கு நாலைந்து வருடம் கிடைக்கும். செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு. பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்து 2019-ல் வந்த கணக்கின்படி முழு முட்டி மாற்றில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பாலோர் வயதானவர்கள், எலும்பு நேராக இருப்பவர்கள். பிரிட்டனில் 2017-ல் வந்த இன்னொரு கணக்கு வயது வாரியாகப் பார்த்தது: 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவருக்கு வாழ்நாளில் மறுபடி மாற்ற வேண்டிய வாய்ப்பு 5 சதவீதம் அளவில், 50-களின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு 35 சதவீதம் வரை. இவருக்கு 44. இரண்டாவது ஆபரேஷன் வரும் என்றே வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போட்டோம். இரண்டாவது முறை எலும்பு குறைவாக இருக்கும், ஏற்கெனவே சின்ன எலும்பு என்றால் இன்னும் குறைவு.

ஆனால் "வயசு பத்தாது, அறுபதில் வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவதும் எனக்கு ஒப்பவில்லை. 44-லிருந்து 60 வரைதான் ஒரு மனிதன் சம்பாதிப்பதும், பிள்ளையோடு ஓடுவதும். அந்தப் பதினாறு வருடத்தை நாற்காலியில் கழித்துவிட்டு அறுபதில் புது முட்டி வாங்கி என்ன செய்வது? அதோடு நடக்காமல் இருந்தால் தசை கரையும், முட்டி மடங்கியபடியே இறுகும், கோணலும் கூடும். ரொம்பக் கோணலாகி இறுகிய முட்டியை, அதுவும் உள்பக்கம் இடிக்கும் முட்டியை, ஒரே நாளில் நேராக்கும்போது முட்டியின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு இழுபட்டுப் பாதம் தூக்க முடியாமல் போகும் ஆபத்து இருக்கிறது. ஆகக் காத்திருப்புக்கும் விலை உண்டு, அது பில்லில் வராது.

அடுத்தது, மூட்டை வைத்துக்கொண்டு எலும்பை மட்டும் வெட்டி நேராக்கித் தகடு போடுவது. மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, மறுபக்கம் நன்றாக இருக்கும் இளவயதுக்காரருக்கு நல்ல வழி. இவருக்கு மூட்டின் எல்லாப் பக்கமும் தட்டையாகித் தேய்ந்துவிட்டதால் இது நிலைக்காது என்றார்கள். பாதி முட்டி மாற்று என்று விளம்பரம் செய்கிறார்களே, அதுவும் இதே காரணத்தால் இவருக்குச் சரிவராது.

எங்களை அதிகம் குழப்பியது இதற்கு அடுத்த கேள்வி: எலும்பை முதலில் நேராக்கி ஆறவிட்டு, பிறகு முட்டியை மாற்றுவதா, அல்லது ஒரே ஆபரேஷனில் முடிப்பதா? வளைவு குறைவாக இருந்தால் மூட்டு முனையை வெட்டும் சாய்விலேயே அதை ஈடுகட்டிவிடலாம், தனியாக எலும்பை வெட்ட வேண்டாம். அதிகமாக இருந்தால் அந்தச் சாய்வு வெட்டு, ஜவ்வு ஒட்டியிருக்கும் இடத்தையே தின்றுவிடும், முட்டி ஆட்டம் கண்டுவிடும். பக்கவாட்டு வளைவு தொடை எலும்பில் சுமார் 20 டிகிரி, கீழ்க்கால் எலும்பில் சுமார் 30 டிகிரி என்பது அறுவை மருத்துவர்கள் சொல்லும் தோராயமான எல்லை. வளைவு முட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு தொல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவருக்குத் தொடை எலும்பில் 14 டிகிரி, அதனால் ஒரே ஆபரேஷன் போதும் என்றானது. எல்லையைத் தாண்டியிருந்தால் இரண்டு முறை என்றுதான் நான் சொல்லியிருப்பேன். இரண்டு முறை மயக்க மருந்து, இரண்டு முறை தொற்று பயம், எலும்பு சேர மாதக்கணக்கில் ஊன்றுகோல், எல்லாம் உண்மை. ஆனால் நேரான எலும்பில் சாதாரண மூட்டு உட்காரும், பிறகு எப்போதாவது மறுபடி மாற்ற வேண்டி வந்தாலும் வேலை சுலபம்.

எந்த மாதிரி மூட்டு என்பதில் ஒன்று மட்டும் புரிந்துகொண்டால் போதும். ஜவ்வு இறுக்கமாக இருந்தால் சாதாரண மூட்டு. ஜவ்வு தளர்ந்திருந்தால் தானே பிடித்துக்கொள்ளும் மூட்டு, ரொம்பத் தளர்ந்திருந்தால் கதவுக் கீல் மாதிரி இணைத்த மூட்டு. பிடிப்பு கூடக் கூட, ஜவ்வு தாங்க வேண்டிய இழுப்பு எல்லாம் மூட்டை ஒட்டவைக்கும் சிமென்டுக்கும் எலும்புக்கும் போகும், அதனால் சீக்கிரம் கழன்றுகொள்ள வாய்ப்பு. கீல் மூட்டுக்கு எலும்புக்குள் நீளத் தண்டு வேறு வேண்டும், வளைந்த எலும்பில் அது எப்படி இறங்கும்? எனவே தேவைக்கு மேல் பிடிப்புள்ள மூட்டு வேண்டாம், தேவையான பிடிப்பு இல்லாததும் வேண்டாம். உடம்பில் மூட்டுகள் எவ்வளவு தளர்வு என்று பார்க்க, பிசியோவில் கட்டை விரலை முன்கையில் தொட வைத்து, முழங்கையைப் பின்னால் வளைத்து ஒன்பதுக்கு மதிப்பெண் போடுவார்கள், அது பெய்ட்டன் அளவு. அந்த பீட்டர் பெய்ட்டன் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் பேராசிரியராக இருந்தவர், இந்த மாதிரிப் பரம்பரை எலும்பு நோய்களைப் பற்றி நிறைய எழுதியவர். உலகம் முழுக்கப் பயன்படும் அளவு, நம் நாட்டிலேயே வேலை செய்த ஆளின் பெயரில் இருக்கிறது.

ரோபோ வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரண முட்டிக்கு அது வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. வழக்கமான முறையில் தொடை எலும்பின் உள்குழாயில் ஒரு கம்பியைச் செருகி அதைப் பார்த்துத்தான் வெட்டும் திசையை முடிவு செய்வார்கள். எலும்பு வளைந்திருந்தாலோ, உள்ளே பழைய கம்பியோ தகடோ இருந்தாலோ அந்தக் கம்பி பொய் சொல்லும். அங்கே கணினி வழிகாட்டலோ, சி.டி. ஸ்கேன் எடுத்து அந்த ஒருவருக்கென்றே செய்த வெட்டு அச்சோ உண்மையிலேயே உதவும். எலும்பு ரொம்பச் சின்னதாக இருந்தால் மூட்டையே அளவெடுத்துச் செய்ய வேண்டி வரலாம், அதற்கு நாளும் பணமும் ஆகும். இவருக்குக் கடையில் கிடைக்கும் மிகச் சின்ன அளவுகளில் ஒன்றே போதும் என்று ஸ்கேனில் தெரிந்தது. இதை ஆபரேஷன் மேஜையில் கண்டுபிடிக்கக் கூடாது.

இதுவரை சொன்னது எங்கள் வீட்டு நோய்க்கு. உங்கள் வீட்டு நோயின் பெயர் வேறு என்றால் கணக்கும் வேறு, அதனால்தான் பெயர் தெரியாமல் கத்தி வேண்டாம் என்கிறேன். எலும்பு எளிதில் முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்றால் ஆபரேஷன் நடக்கும்போதே முறியலாம், சின்ன வயதில் போட்ட கம்பி உள்ளே இருக்கலாம், மயக்க மருந்தில் உடம்புச் சூடு ஏறலாம், பல்லும் கழுத்தும் கவனிக்கப்பட வேண்டும். எலும்பு கல் மாதிரி இறுகும் ஆஸ்டியோபெட்ரோசிஸ் இதற்கு நேர் எதிர்: துளை போடும் கருவியே திணறும், ஆனால் அந்த எலும்பும் சாக்பீஸ் மாதிரி முறியும், ஆறுவதும் தாமதம். பாஸ்பேட் சிறுநீரில் வீணாகிப் போவதால் வில் கால் ஆகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதற்கு முதலில் மருந்து, இரத்தத்தில் பாஸ்பேட் பார்த்து ஒழுங்குபடுத்தாமல் எலும்பை வெட்டினால் மறுபடி வளையும். கை கால் குட்டையாக வளரும் அகோன்ட்ரோப்ளேசியா உள்ளவர்களுக்கு முட்டி தேய்வது உண்மையில் குறைவு, கால் வலி முதுகுத்தண்டு நெருக்கத்தால் வந்திருக்கலாம், முட்டியை மாற்றினாலும் அந்த வலி அங்கேயே இருக்கும். முதுகெலும்பும் சேர்ந்து பாதிக்கும் சில வகைகளில் கழுத்தின் மேல் எலும்பு சரியாக வளர்ந்திருக்காது. கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுக்காமல் மயக்க மருந்துக் குழாய் போடுவது அவர்களுக்கு ஆபத்து. மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

இனி எங்கே செய்வது. அரசு வழி என்றால் பக்கத்து மருத்துவமனையில் தொடங்கி, பரிந்துரையின் பேரில் டர்பன் கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனை வரை போகலாம், நேராகப் போய் அங்கே நிற்க முடியாது. கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. அரசு மருத்துவமனைகளில் மூட்டு மாற்றுக்கு வரிசை மிக நீளம், வருடக்கணக்கு. ஆனால் விசித்திரமான எலும்புகளைப் பார்த்த அனுபவம் அங்கேதான் அதிகம் என்பது என் கருத்து. எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடக்கே சிபாயா ஏரிப் பக்கம் ம்செலெனி என்ற இடத்தில் ஊரில் பலருக்கும் இடுப்பு மூட்டு கெடும் நோய் உண்டு, 1970-களிலிருந்தே மருத்துவ இதழ்களில் அதைப் பற்றி எழுதி வருகிறார்கள், அதில் ஒரு பகுதி எங்கள் வீட்டு நோயைப் போன்றதே. குவாசூலு-நட்டால் எலும்பு மருத்துவர்கள் கேட்டே இராத விஷயம் இல்லை இது.

மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீட்டு வழி வேகமானது, ஆனால் வலி வந்த பிறகு புதிதாகச் சேர்ந்தால் பொதுவாக 3 மாதமும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதமும் காத்திருக்க வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, 35 வயதுக்கு மேல் முதன்முறையாகச் சேர்ந்தால் தவணையும் கூடலாம். பல திட்டங்களில் செயற்கை உறுப்புக்குத் தனியாக ஒரு வரம்பு இருக்கும். சாதாரண முட்டிக்குப் போதுமான வரம்பு, அளவெடுத்துச் செய்த மூட்டுக்கோ கீல் மூட்டுக்கோ போதாமல் போகலாம். ஆபரேஷனுக்கு அனுமதி வந்துவிட்டது என்று சந்தோஷப்படாமல், எந்த மூட்டுக்கு, எத்தனை ராண்டு வரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சென்னைக்குப் போகலாம் என்று என் அண்ணன் விடாமல் சொன்னான். முட்டி மாற்றில் அங்கே உள்ள அளவு அனுபவம் இங்கே கிடையாது, செலவும் குறைவு, மொழிப் பிரச்சினையும் இல்லை, எனக்கும் அம்மா வீட்டில் இருக்கலாம் என்ற ஆசை. வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் பிறகு வரும் மாதங்கள். கால் ஆபரேஷனுக்குப் பின் இரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் நீண்ட விமானப் பயணம் ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை வேண்டாம் என்பார்கள். டர்பனுக்கு எப்படிப் போனாலும் வழியில் ஒரு விமானம் மாறித்தான் ஆக வேண்டும். திரும்பி வந்த பின் காயம் சிவந்தால் இங்கே உள்ள மருத்துவர் இன்னொருவர் செய்த வேலையைத் தொடத் தயங்குவார். சாதாரண முட்டி என்றால் நானே மூட்டை கட்டியிருப்பேன். இருபது வருடம் ஒரே கை பார்க்க வேண்டிய முட்டி இது.

கடைசியில் நாங்கள் செய்தது: வலது இடுப்பு மூட்டைப் போன வருடம் மாற்றினோம், மெடிக்கல் எய்டில், முன்பு அரசு மருத்துவமனையில் நிறைய வருடம் வேலை பார்த்த ஒருவரிடம். முட்டி வலி பாதியானது. அதனால் முட்டியைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். எந்த வளைவுக்கு எந்த மூட்டு என்று எழுதிய தாளும் நீள எக்ஸ்ரேயும் ஒரே உறையில் அலமாரியில் இருக்கின்றன. இரவில் வலியால் வாரத்துக்கு மூன்று நாள் எழுந்தால், அல்லது முட்டி நேராக நீள மறுத்தால் அந்த உறையை எடுக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். இடது பக்கத்தைப் பற்றி இவர் பேச விடுவதில்லை.

பையனுக்கு வேறு கணக்கு. அவனுக்கு எலும்பு இன்னும் வளர்கிறது, அதனால் எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சின்னத் தகடு ஒன்றை வைத்து அந்தப் பக்கத்தை நிறுத்திவைத்தால், மறுபக்கம் வளர்ந்து கால் தானே நேராகும், பிறகு தகட்டை எடுத்துவிடலாம். அப்பாவுக்குக் கிடைக்காத வழி, ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய பதினாறு வயது வரைதான் கதவு திறந்திருக்கும். எடுத்த பிறகு கோணல் கொஞ்சம் திரும்பலாம், மூட்டுத் தேய்மானத்தை இது நிறுத்திவிடும் என்றும் யாரும் சத்தியம் செய்யவில்லை, ஆனாலும் நேரான காலோடு நாற்பதுக்குப் போவது நல்லதுதானே. ஜனவரியில் பள்ளி திறக்கும் முன் அவனுக்கு நீள எக்ஸ்ரே. அவன் மருத்துவரிடம் கேட்ட ஒரே கேள்வி கிரிக்கெட்டை எத்தனை நாள் விட வேண்டும் என்பது. சில வாரம் என்றார். அப்படியானால் பள்ளி அணித் தேர்வுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று அவர்கள் இரண்டு பேரும் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.